துணைக்கு வந்த பம்பும் தளர்ந்த இதயமும்



ஒரு தோட்டத்துக் கிணற்றில் இரண்டு மோட்டார்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அரைக் குதிரைத்திறன் கொண்ட பழைய மோட்டார். மற்றொன்று ஐந்து குதிரைத்திறன் கொண்ட புதியது. இரண்டும் இறைக்கும் நீர் ஒரே குழாயில் சேர்ந்து மேலேயுள்ள தொட்டிக்கு ஏறுகிறது. பழைய மோட்டாரின் வாயில், நீர் திரும்பி வராமல் தடுக்கும் ஒருவழி வால்வு ஒன்று உண்டு. பழையது தளர்ந்துவிட்டது, பாவம், அதற்குத் துணையாகத்தான் புதியதைப் பூட்டினார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டால் என்ன ஆகும்?

வேலையை இரண்டும் பங்கிட்டுக்கொள்ளும் என்று சொல்பவர்களே மிகுதி. கல்லூரி வகுப்பில் கேட்டாலும் இதே விடைதான் வருகிறது. தோட்டம் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் தலையை ஆட்டுவார்கள். அவர்கள் ஆட்டுவது சரியே. புதிய மோட்டார் குழாயில் உண்டாக்கும் அழுத்தம், பழைய மோட்டாரால் உண்டாக்க முடிந்த அழுத்தத்தைவிட மிகுதியானால், அந்த ஒருவழி வால்வு திறக்காது. பழைய மோட்டார் சுழன்றுகொண்டேயிருக்கும். ஒரு சொட்டு நீரும் வெளியேறாது. அடைபட்ட நீரையே கலக்கிக் கலக்கிச் சூடேறும். துணைக்கு வந்தது, வாயை அடைத்துவிட்டது.

இந்தக் கிணற்றடிக் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு, மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். அங்கே பழைய மோட்டார் என்பது நோயாளியின் இதயம். புதிய மோட்டார் என்பது எக்மோ.

எக்மோ என்னும் சொல்லை நம்மில் பலர் முதன்முதலாகக் கேட்டது 2016 டிசம்பரில். அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கு டிசம்பர் 4-ஆம் நாள் இதயத்துடிப்பு நின்றபோது அக்கருவி பொருத்தப்பட்டது. மறுநாள் இரவு அவர் காலமானார். பிறகு 2020-இல், கொரோனாவால் நுரையீரல் பாதிக்கப்பட்ட பாடகர் எஸ். பி. பாலசுப்ரமணியம் வாரக்கணக்கில் எக்மோவின் துணையுடன் இருந்த செய்தியை நாள்தோறும் படித்தோம். செப்டம்பர் 25 அன்று அவரும் மறைந்தார். சொல் ஒன்றுதான். ஆனால் ஒருவருக்கு நின்றது இதயம். மற்றவருக்குக் கெட்டது நுரையீரல். இரண்டுக்கும் ஒரே கருவியா என்று நீங்கள் கேட்கலாம். பெட்டி ஒன்றுதான். குழாயை எங்கே செருகுகிறார்கள் என்பதுதான் வேறு. இதயம் படும் பாடும் அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

மருத்துவம் என் துறையன்று. ஆனால் பம்பு, குழாய், வால்வு, அழுத்தம் ஆகிய நான்கும் இயற்பியலின் சொத்து. ஆகவே துணிந்து எழுதுகிறேன்.

செயற்கை நுரையீரல்

இரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து, பிராணவாயுவை ஊட்டி, கரியமில வாயுவை நீக்கித் திருப்பி அனுப்புவதே எக்மோவின் வேலை. இதற்கு வழிகாட்டியது இதய அறுவை சிகிச்சை. 1953 மே 6-ஆம் நாள் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜான் கிப்பன் என்ற மருத்துவர், 18 வயதுப் பெண் ஒருத்தியின் இதயச் சுவரிலிருந்த ஓட்டையை மூடினார். அப்போது 26 நிமிடங்கள் அவளுடைய இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஓர் இயந்திரமே முழுமையாகச் செய்தது. அந்த இயந்திரத்தில் இரத்தம் கம்பிவலைகளின் மேல் மெல்லிய படலமாக வழிந்தோடியது. பிராணவாயு அதை நேரடியாகத் தொட்டது. ஓர் அறுவை சிகிச்சைக்கு இது போதும். நாட்கணக்கில் நடத்த இது உதவாது. ஏனெனில் வாயுவை நேரே தொடும் இரத்தம் மெல்ல மெல்லச் சிதைகிறது.

இடையில் ஒரு திரை வேண்டும். வாயு அதைக் கடக்க வேண்டும். இரத்தம் கடக்கக் கூடாது. நம் நுரையீரலும் அப்படித்தானே அமைந்திருக்கிறது? இப்படி ஒரு திரை செய்ய முடியும் என்ற குறிப்பு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. நெதர்லாந்தில் செயற்கைச் சிறுநீரகத்தை உருவாக்கிய வில்லெம் கோல்ஃப், அதன் செலஃபேன் குழாயினுள் கருஞ்சிவப்பாக நுழைந்த இரத்தம் பளிச்சென்ற சிவப்பாக வெளிவருவதை 1944-இல் கவனித்து எழுதினார். சுற்றியிருந்த நீரில் கரைந்திருந்த பிராணவாயு சவ்வைக் கடந்து உள்ளே போயிருந்தது! பின்னர் சிலிக்கோன் ரப்பர்ச் சவ்வு வந்தது. 1971-இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில், விபத்தில் சிக்கிய 24 வயது இளைஞர் ஒருவரை டொனால்டு ஹில் என்ற மருத்துவர் இத்தகைய சவ்வு நுரையீரலில் 75 மணி நேரம் வைத்துப் பிழைக்க வைத்தார். 1975-இல் ராபர்ட் பார்ட்லெட் அதே கலிபோர்னியாவில், மூச்சுவிட இயலாத பச்சிளங் குழந்தை ஒன்றை இதே வகையில் காப்பாற்றினார். செவிலியர் அதற்கு எஸ்பெரான்சா என்று பெயரிட்டனர். ஸ்பானிய மொழியில் அதற்கு நம்பிக்கை என்று பொருள்.

இன்றைய செயற்கை நுரையீரல், உள்ளே துளையுள்ள ஆயிரக்கணக்கான நுண்குழாய்களின் கட்டு. ஒவ்வொன்றின் குறுக்களவும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. குழாய்களுக்குள் வாயு போகிறது. வெளியே அவற்றைத் தழுவிக்கொண்டு இரத்தம் போகிறது. சவ்வின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 2 சதுர மீட்டர், ஒரு கட்டிலின் அளவு. நம் நுரையீரலின் பரப்போ 50 சதுர மீட்டருக்கும் மேல். எப்படிப் போதுமானதாகிறது? நுரையீரலின் அவ்வளவு பரப்பும் நாம் ஓடுவதற்காகவும் சுமை தூக்குவதற்காகவும் வைக்கப்பட்ட சேமிப்பு. படுத்திருக்கும் மனிதருக்கு நிமிடத்திற்குச் சுமார் 250 மில்லிலிட்டர் பிராணவாயு போதும்.

இரண்டு இணைப்புகள்

இதயத்தில் பம்புகள் இரண்டு என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். வலப்பக்கம், உடலிலிருந்து திரும்பிய இரத்தத்தை நுரையீரலுக்குத் தள்ளுகிறது. இடப்பக்கம், நுரையீரலிலிருந்து வந்த இரத்தத்தைப் பெருந்தமனி வழியாக உடலெங்கும் தள்ளுகிறது. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக, தொடர் இணைப்பில் உள்ளன.

நுரையீரல் மட்டும் கெட்டு, இதயம் நன்றாக இருந்தால், ஒரு பெரிய சிரையிலிருந்து இரத்தத்தை எடுத்து, பிராணவாயு ஊட்டி, மற்றொரு சிரையிலேயே விட்டுவிடுகிறார்கள். இது சிரை-சிரை முறை. எடுத்த இடமும் விட்ட இடமும் இதயத்துக்கு முன்னால் இருப்பதால், இதயம் எப்போதும்போல் தன் வேலை முழுவதையும் செய்ய வேண்டும். அதற்கு வந்து சேரும் இரத்தம் மட்டும் முன்பே சிவந்துவிட்டிருக்கும்.

இதயமே தளர்ந்துவிட்டால் இது போதாது. அப்போது தொடையிலுள்ள பெருஞ்சிரையிலிருந்து இரத்தத்தை உறிஞ்சி, தொடையிலுள்ள தமனியில் செலுத்துகிறார்கள். இது சிரை-தமனி முறை. செலுத்திய இரத்தம் பெருந்தமனியில் கீழிருந்து மேல்நோக்கி, இதயத்தை நோக்கி ஏறுகிறது. இயல்பாக இரத்தம் ஓடும் திசைக்கு இது நேர் எதிர். கிணற்றடியில் கண்ட இரண்டு மோட்டார்களின் நிலை இப்போது உண்டாகிவிட்டது. அங்கே இருந்த ஒருவழி வால்வு, இங்கே இடது கீழறைக்கும் பெருந்தமனிக்கும் நடுவிலுள்ள பெருந்தமனி வால்வு.

இதயத்தின் திறனைக் கணக்கிட்டுப் பார்ப்போமா? திறன் என்பது அழுத்தத்தையும் நொடிக்கு ஓடும் கனஅளவையும் பெருக்கினால் கிடைப்பது. பெருந்தமனியின் சராசரி அழுத்தம் 100 மி.மீ. பாதரசம் எனக் கொண்டால் அது 13,300 பாஸ்கல். நிமிடத்துக்கு 5 லிட்டர் என்பது நொடிக்கு 83 மில்லிலிட்டர். பெருக்கினால் 1.1 வாட் வருகிறது. ஒரு சிறிய இரவு விளக்கின் திறன்தான். ஆனால் அந்த விளக்கு அணைவதே இல்லை. ஒரு நாளில் இது செய்யும் வேலை, ஆயிரம் கிலோகிராம் எடையை மூன்று மாடி உயரத்துக்குத் தூக்குவதற்குச் சமம். வலப்பக்கத்துக்கு அழுத்தம் 15 மி.மீ. அளவே, ஆகவே திறனும் 0.17 வாட்தான். அதன் சுவர் மெல்லியதாக இருப்பதற்கு இதுவே காரணம். இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

மாரடைப்பால் தசையில் ஒரு பகுதி செத்துப்போன இதயத்தை இப்போது எண்ணிப் பாருங்கள். அதனால் 50 அல்லது 60 மி.மீ. அழுத்தம்தான் உண்டாக்க முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். எக்மோ பம்பு நிமிடத்துக்கு 4 லிட்டர் இரத்தத்தைச் செலுத்தி, பெருந்தமனியில் 75 மி.மீ. அழுத்தத்தை நிலைநாட்டுகிறது. மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் இது அமுதம். அவை பிழைத்துக்கொள்கின்றன. ஆனால் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் முட்டி முட்டிப் பார்க்கிறது, வால்வு திறக்கவில்லை.

நிரம்பும் அறை

இவ்விடத்தில் உங்களுக்கு ஓர் ஐயம் எழ வேண்டும். சிரைகளிலிருந்து இரத்தத்தை எல்லாம் இயந்திரமே எடுத்துக்கொண்டால், இடது கீழறைக்கு இரத்தம் வருவது ஏது? வராத இரத்தத்தை வெளியேற்ற முடியாவிட்டால்தான் என்ன?

நல்ல கேள்வி. முதலாவது, இயந்திரம் எல்லாவற்றையும் எடுப்பதில்லை. ஒரு பங்கு வலப்பக்கம் வழியாக நுரையீரலுக்குப் போய் இடப்பக்கம் வரவே செய்யும். இரண்டாவது, நுரையீரலின் மூச்சுக்குழல்களுக்கு உணவூட்டும் சிறு தமனிகள் பெருந்தமனியிலிருந்தே கிளைக்கின்றன. அவற்றின் இரத்தத்தில் பெரும்பங்கு நேராக இதயத்தின் இடப்பக்கம் வந்து விழுகிறது. அளவு என்னவோ சிறிதுதான். உடலில் ஓடும் இரத்தத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. 5 லிட்டரில் அது 50 மில்லிலிட்டர். ஆனால் அது நிமிடத்துக்கு 50 மில்லிலிட்டர்! இடது கீழறையின் கொள்ளளவு 120, 150 மில்லிலிட்டர் அளவில்தான் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் திறந்த பாத்திரம், சொட்டுச் சொட்டாக விழுந்தாலும், மூன்று நிமிடத்தில் நிரம்பிவிடும்.

நிரம்பிய அறை விரிகிறது. விரிந்தால் என்ன தீங்கு என்பதைச் சோப்புக்குமிழ்ப் பாடத்திலிருந்தே கண்டுகொள்ளலாம். உள்ளழுத்தமுள்ள கோளத்தின் சுவரில் ஏற்படும் தகைவு, அழுத்தத்துக்கும் ஆரத்துக்கும் நேர்விகிதத்திலும், சுவரின் தடிப்புக்கு எதிர்விகிதத்திலும் அமையும். இது லாப்லாஸ் என்ற பிரெஞ்சு அறிஞரின் விதி. அறையின் ஆரம் 20 விழுக்காடு கூடுகிறது என்போம். தசையின் கனஅளவு மாறாது. ஆகவே சுவர் மெலிய வேண்டும். பரப்பு ஆரத்தின் இருபடிக்கு ஏற்பக் கூடுவதால், தடிப்பு அதே விகிதத்தில் குறையும். ஆக, தகைவு ஆரத்தின் முப்படியைப் பின்பற்றுகிறது. 1.2-இன் முப்படி 1.73. அழுத்தம் கொஞ்சமும் கூடாவிட்டாலும், தசைநாரின் இழுவிசைச் சுமை ஏறத்தாழ முக்கால் பங்கு கூடிவிட்டது. உண்மையிலோ அழுத்தமும் கூடவே செய்கிறது.

தீங்கு ஒன்றோடு நிற்பதில்லை. இதயத்தசை தனக்கு வேண்டிய இரத்தத்தைப் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும் வேளையில்தான் பெறுகிறது. அப்போது பெருந்தமனியில் 60 மி.மீ., கீழறைக்குள் 10 மி.மீ. என்றால், இரத்தத்தை உந்தும் அழுத்த வேறுபாடு 50. கீழறை விரிந்து உள்ளழுத்தம் 30 ஆகிவிட்டால் வேறுபாடு 30-தான். வேலை கூடிய நேரத்தில் கூலி குறைகிறது. மேலும், கீழறையின் அழுத்தம் பின்னோக்கி நுரையீரலின் தந்துகிகள் வரை பரவுகிறது. அங்கே அழுத்தம் 25 மி.மீ. அளவைத் தாண்டினால், இரத்தத்திலுள்ள புரதங்களால் நீரைப் பிடித்து வைக்க முடியாது. நீர் கசிந்து காற்றறைகளில் தேங்கும். நுரையீரலுக்கு உதவ வந்த கருவியால் நுரையீரலிலேயே நீர் கோத்துக்கொள்ளும் விபரீதம் இது.

இன்னொன்று, எனக்கு எல்லாவற்றிலும் அச்சமூட்டுவது. ஓடாத இரத்தம் உறையும். வால்வு திறக்காத கீழறையில் இரத்தம் குளம்போல் நின்றால், உறைகட்டி உருவாகலாம். பிறகு இதயம் தேறி வால்வு திறக்கும் நல்ல நாளில், அந்தக் கட்டி வெளியேறி மூளைக்குச் செல்லலாம். உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுக்கிறார்கள். அதிகமானால் இரத்தக் கசிவு, குறைந்தால் உறைவு. இடையிலுள்ள பாதை குறுகியது.

திரையில் ஓர் அலை

வால்வு திறக்கிறதா இல்லையா என்பதை எப்படி அறிவது? எதிரொலிக் கருவியால் இதயத்தைப் பார்க்கலாம். அதற்கு முன்பே ஓர் எளிய அடையாளம் உண்டு. எக்மோவின் பம்பு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் மையவிலக்குப் பம்பு. அதன் ஓட்டம் நேர்மின்னோட்டத்தைப்போல் ஏற்ற இறக்கமின்றி இருக்கும். இதயத்தின் ஓட்டமோ துடித்துத் துடித்து வருவது. ஆகவே தமனியின் அழுத்தத்தைக் காட்டும் திரையில் அலை ஏறி இறங்கினால், இதயமும் பங்கு கொள்கிறது என்று பொருள். கோடு கிட்டத்தட்டத் தட்டையாகிவிட்டால் வால்வு மூடியே கிடக்கிறது. பொருத்தியபோது இருந்த அலை மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே வருவதைக் கவனித்துச் சொல்லும் செவிலியர், எந்த மருந்துக்கும் குறையாத உதவியைச் செய்கிறார். பச்சிளங் குழந்தைகளிலும், எக்மோ பொருத்திய சில மணி நேரத்தில் இதயம் திகைத்து நின்றதுபோல் இந்த அலையை இழந்து, பிறகு சில நாட்களில் தானே மீள்வதைக் கண்டிருக்கிறார்கள்.

பரிகாரம் என்ன? எக்மோவின் வேகத்தைக் குறைத்தால் பெருந்தமனியின் அழுத்தம் தாழும், வால்வு திறக்கும். ஆனால் சிறுநீரகமும் மூளையும் பட்டினி கிடக்கும். ஒரே திருகு, இருபுறமும் உயிர். இதயத்தின் சுருக்கத்தை ஊக்கும் மருந்துகள் சிறிது கொடுக்கலாம். அவையும் தளர்ந்த குதிரைக்குச் சவுக்கடிதான். இரு மேலறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் துளையிட்டு, இடப்பக்கத்துத் தேக்கத்தை வலப்பக்கம் வடியவிடலாம். அல்லது கீழறைக்குள்ளேயே ஒரு சிறு பம்பை இறக்கி, தேங்கிய இரத்தத்தை இறைத்துப் பெருந்தமனியில் விடலாம்.

இந்தக் கடைசி வழியின் வரலாறு சுவையானது. ரிச்சர்டு வாம்ப்ளர் என்ற அமெரிக்க மருத்துவர் 1976-இல் எகிப்துக்குப் போயிருந்தபோது, கிராமத்து மக்கள் ஆர்க்கிமிடீசின் திருகைச் சுழற்றி வாய்க்காலிலிருந்து நீரை மேலேற்றுவதைக் கண்டார். சாய்ந்த உருளைக்குள் ஒரு திருகு. சுழற்றினால் நீர் ஏறும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைய பொறி. அதையே விரலைவிட மெல்லியதாகச் செய்து, தொடைத் தமனி வழியே இதயம் வரை அனுப்பினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1988-இல் அக்கருவி முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இன்று இம்பெல்லா என்ற பெயரில் பயன்படும் நுண்பம்பு அந்த வழியில் வந்ததே. ஆழ்குழாய்க் கிணற்றுக்குள் இறக்கும் நீர்மூழ்கி மோட்டாரை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் வாய் கீழறைக்குள். அது கக்கும் இடம் வால்வைத் தாண்டிப் பெருந்தமனியில். முக்கியமாக, அது இதயத்தின் திசையிலேயே இறைக்கிறது.

திசை என்ன அவ்வளவு பெரிய விஷயமா? அண்மையில் வந்த இரண்டு ஆய்வுகளைப் பாருங்கள். ஜெர்மனியிலும் ஸ்லொவீனியாவிலும் நடந்த ஒன்று 2023-இல் வெளியாயிற்று. மாரடைப்புக்குப் பின் இரத்த அழுத்தம் சரிந்து உறுப்புகள் வாடிய 417 நோயாளிகளில், ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சிரை-தமனி எக்மோ, மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை எனச் சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்தார்கள். 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் எக்மோ பிரிவில் 47.8 விழுக்காடு, மற்றதில் 49.0 விழுக்காடு. வேறுபாடே இல்லை எனலாம். ஆனால் கடும் இரத்தக் கசிவு 9.6-இலிருந்து 23.4 விழுக்காடாகக் கூடியது. மறு ஆண்டு டென்மார்க், ஜெர்மனி, பிரிட்டன் ஆகிய நாடுகளில் 355 நோயாளிகளிடம் இம்பெல்லாவைச் சோதித்த ஆய்வு வந்தது. 180 நாட்களுக்குள் இறந்தவர்கள், கருவி பொருத்தியோரில் 45.8 விழுக்காடு, பொருத்தாதோரில் 58.5 விழுக்காடு.

உடனே தீர்ப்புக் கூறிவிடாதீர்கள். இரண்டு ஆய்வுகளிலும் சேர்ந்த நோயாளிகள் ஒரே வகையினர் அல்லர். இதயம் நின்று நினைவு திரும்பாதவர்களை இரண்டாம் ஆய்வு சேர்க்கவில்லை. முதல் ஆய்விலோ இதயம் நின்று உயிர்ப்பிக்கப்பட்டவர்களே மிகுதி. நுண்பம்புக்கும் இரத்தக் கசிவு, சிறுநீரகக் கேடு ஆகிய தொல்லைகள் உண்டு. அதனால் நுரையீரல் வேலையும் செய்ய முடியாது. ஆயினும், இதயத்தை எதிர்த்து இறைப்பதும் இதயத்தோடு சேர்ந்து இறைப்பதும் ஒன்றல்ல என்ற பம்புக் கணக்கு, மருத்துவர்கள் இன்று வாதிடும் காரணங்களுள் ஒன்றாக நிற்கிறது.

வலது கை எதற்கு?

இதயம் தேறத் தொடங்கினால் தொல்லை தீர்ந்துவிடுமா? நுரையீரலும் கூடவே தேறியிருந்தால் தீரும். தேறாவிட்டால் ஒரு புதிய விந்தை நேர்கிறது.

பெருந்தமனியில் இப்போது இரண்டு ஓட்டங்கள் எதிரெதிரே வருகின்றன. கீழிருந்து இயந்திரம் அனுப்பும் செந்நிற இரத்தம். மேலிருந்து இதயம் அனுப்பும் இரத்தம். இரண்டும் ஓரிடத்தில் மோதிக் கலக்கும். இதயம் தளர்ந்திருந்தபோது அந்த இடம் இதயத்தின் வாயிலருகே இருந்தது. இதயம் வலுக்க வலுக்க அது கீழே நகர்கிறது. நுரையீரல் கெட்டிருப்பதால், இதயம் வெளியிடும் இரத்தம் பிராணவாயு குறைந்த கரிய இரத்தம். பெருந்தமனியின் முதல் கிளைகள் எவை? இதயத்துக்கே உணவூட்டும் தமனிகள். அடுத்தது வலது கைக்கும் தலையின் வலப்பக்கத்துக்கும் போகும் கிளை. ஆக, கால் விரல்கள் சிவந்து செழிப்பாக இருக்க, மூளையும் இதயமும் கரிய இரத்தத்தில் தவிக்கின்றன. இத்தாலிய நாடகங்களில் பல வண்ண உடையோடு வரும் கோமாளியின் பெயரால் இதை ஹார்லிக்வின் நிலை என்கிறார்கள். பெயர் வேடிக்கை, நிலை வேடிக்கையன்று.

கொரோனாக் காலத்தில் வீடுதோறும் விரலில் மாட்டிப் பார்த்தோமே, அந்தப் பிராணவாயுமானியை இந்த நோயாளிக்கு எந்த விரலில் மாட்டுவது? காலில் மாட்டினால் அது இயந்திரத்தைப் புகழும். வலது கை விரலில் மாட்டினால்தான் மூளைக்கும் இதயத்துக்கும் போகும் இரத்தத்தின் உண்மை நிலை தெரியும். பரிசோதனைக்கான இரத்தத்தையும் வலது கைத் தமனியிலிருந்தே எடுக்கிறார்கள். நிலைமை கெட்டால், செவ்விரத்தத்தில் ஒரு பங்கைக் கழுத்துச் சிரை வழியாக இதயத்தின் வலப்பக்கம் அனுப்ப, மூன்றாவது குழாய் ஒன்றைச் செருகுகிறார்கள்.

மெல்லிய சுவர்

சிரை-சிரை முறையில் இந்த எதிர்ப்போட்டி இல்லை. ஆனால் அங்கே வேறோர் இதயக்கேடு காத்திருக்கிறது, அது வலப்பக்கத்தைச் சேர்ந்தது. பிராணவாயு குறைந்த பகுதியில் நுரையீரலின் இரத்தக்குழாய்கள் தாமாகச் சுருங்கும் என்பதை ஆய்லர், லில்யெஸ்டிராண்டு என்ற ஸ்வீடன் நாட்டு அறிஞர்கள் 1946-இல் காட்டினர். சிறு பகுதி கெட்டால் இது சிக்கனம். வீணான இடத்துக்கு இரத்தம் போகாது. நுரையீரல் முழுவதும் கெட்டால் எல்லாக் குழாய்களும் சுருங்கிவிடும். போதாக்குறைக்கு, மூச்சுக் கருவியின் காற்றழுத்தமும் தந்துகிகளை நசுக்கும். மின்தடை கூடினால் அதே மின்னோட்டத்துக்குக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும் அல்லவா? 0.17 வாட்டுக்கென்று அமைந்த மெல்லிய சுவர் அதைத் தராது. அது உப்பி, நடுச்சுவரை இடப்பக்கம் தள்ளுகிறது. எதிரொலிப் படத்தில் வட்டமாகத் தெரிய வேண்டிய இடது கீழறை, ஆங்கில எழுத்து டி போலச் சப்பையாகத் தெரியும்.

சிவந்த இரத்தம் நுரையீரலுக்குப் போவதாலும், மூச்சுக் கருவியின் அழுத்தத்தைத் தாழ்த்த முடிவதாலும், சிரை-சிரை எக்மோ இந்தச் சுமையைப் பெரும்பாலும் குறைக்கவே செய்கிறது. சிலருக்குக் குறைவதில்லை. அவர்களுக்குக் குழாயின் நுனியை நுரையீரல் தமனி வரை நீட்டி, வலது கீழறையைத் தாண்டிவிடுகிறார்கள்.

இனி, குழாயை எடுக்கும் நாள். சிரை-தமனி முறையில் இதயம் தேறிவிட்டதா என்று சோதிக்க, பம்பின் ஓட்டத்தை நிமிடத்துக்கு அரை லிட்டர் அளவில் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் இதயத்தை எதிரொலிக் கருவியால் பார்க்கிறார்கள். வால்வின் வாயில் இரத்தம் பாயும் வேகத்தை டாப்ளர் விளைவு காட்டுகிறது. திரையில் வேக-நேர வரைபடம் ஒன்று வரைகிறது. அதன் அடியிலுள்ள பரப்பு எதைக் குறிக்கும் என்பது ஒன்பதாம் வகுப்புப் பாடம்: கடந்த தொலைவு. நலமான இதயத்தில் ஒரு துடிப்புக்கு இது ஏறத்தாழ 20 செ.மீ. பம்பின் ஓட்டத்தை மிகவும் குறைத்த நிலையில், தேறிவரும் இதயத்திடம் மருத்துவர்கள் எதிர்பார்ப்பது குறைந்தது 10 செ.மீ. வாயிலின் குறுக்களவு 2 செ.மீ. என்றால் பரப்பு 3.14 சதுர செ.மீ.; பெருக்கினால் ஒரு துடிப்புக்கு 31 மில்லிலிட்டர். நிமிடத்துக்கு 90 துடிப்பு என்றால் 2.8 லிட்டர். இயந்திரம் தரும் ஒன்று, ஒன்றரை லிட்டரோடு அதைக் கூட்டிப் பாருங்கள். குழாயை எந்த நாளில் எடுக்கலாம் என்ற பேச்சை அந்தக் கணக்குக்குப் பிறகுதான் தொடங்குகிறார்கள்.